மயில் கண்ணாடி

அக்டோபர் 29, புதன்

சுரண்டைக்காரர்கள் வருவது உறுதியாகிவிட்டது. நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீடு பார்க்க. பெண்ணின் அப்பா பலவேசம், அவருடைய தங்கை, தங்கை புருஷன். தரகர் போனை வைத்ததும் பகவதி நடுவீட்டுக்கு வந்து நின்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பழக்கமான பார்வை. அது எங்கே போய் நிற்கிறதோ அங்கே எனக்கு வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். இன்று வாசல் கதவில் போய் நின்றது.

“அந்தக் கண்ணாடி இருக்கக் கூடாதுங்க” என்றாள்.

இந்தக் கண்ணாடியைப் பற்றி நான் இங்கே எழுதியதில்லை. எங்கள் வாசல் கதவு என் அப்பா போட்ட தேக்கு, இரட்டைக் கதவு. மகன் கல்யாணத்தின்போது சம்பந்தி ஆவுடையப்பன் கோவில்பட்டியிலிருந்து ஆள் கூட்டி வந்தார். அவருக்கு அங்கே கண்ணாடிக் கடை, படங்களுக்குச் சட்டம் போடும் கடை. ஒவ்வொரு கதவிலும் மேல்பாதிப் பலகையை எடுத்துவிட்டு, தன் கையால் வேலை செய்த கண்ணாடியைப் பதித்துக் கொடுத்தார். சீரோடு சீராக அதுவும் ஒரு சீர். கண்ணாடி முழுக்கப் பனி படிந்த மாதிரி மங்கல். நடுவில் ஒரு மயிலும் கீழே ஒரு பெயரும் மட்டும் தெளிவாக இருக்கும். ஒரு கதவில் நாயகம், என் மகன் கோமதிநாயகம். இன்னொரு கதவில் செண்பகம், ஆவுடையப்பன் மகள். கதவைச் சாத்தினால் இரண்டு மயிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். நாயகம் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் எப்போதும் போட்டே இருக்கும். நாங்கள் புழங்குவது செண்பகம் கதவில்தான்.

போன வருடம் விவாகரத்து ஆனதும் சீர்ப் பொருளெல்லாம் முறைப்படி திரும்பிப் போயின. கட்டில், பீரோ, கிரைண்டர், வெண்கலப் பானை, ஒரு கரண்டி விடாமல் வேனில் ஏற்றி அனுப்பினாள் பகவதி. கண்ணாடி கதவோடு கதவாக இருந்துவிட்டது. அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் நினைவுபடுத்தவில்லை.

சுரண்டைக்காரர்களிடம் தரகர் சொல்லியிருப்பது இது: முதல் கல்யாணம் பேருக்குத்தான் நடந்தது, மனசு சரியில்லாத பெண்ணை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள், அவள் நாலு நாள்கூட இங்கே தங்கவில்லை. தரகருக்கு இதை யார் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும். நாலு நாள்கூடத் தங்காதவளின் பெயரை வாசலில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்பது பகவதியின் கவலை. நியாயமான கவலைதான்.

அக்டோபர் 30, வியாழன்

கண்ணாடியின் மேல் முருகன் காலண்டர் தாளை மைதாப் பசை போட்டு ஒட்டிப் பார்த்தாள். பந்த் அன்று சாத்திய கடை மாதிரி இருந்தது. கிழித்துவிட்டாள். பசை இன்னும் போகவில்லை.

நவம்பர் 1, சனி

தச்சு வேலை இசக்கிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு கண்ணாடியையும் எடுக்க வேண்டாம், செண்பகத்தை மட்டும் எடுத்தால் போதும் என்று பகவதி சொல்லிவிட்டாள். பெற்ற மகன் பெயரை எதற்குக் கழற்ற வேண்டும்?

இசக்கிமுத்து விரலால் சட்டத்தைத் தட்டிப் பார்த்தான். “சுத்திலும் மக்கு வச்சு, அதுக்கு மேல ரீப்பர் அடிச்சிருக்காங்க அண்ணாச்சி. நல்லா இறுகிப் போச்சு. கழட்ட நேரம் புடிக்கும். எனக்குக் கார்த்திகை முடியிற வரைக்கும் கை ஒழியாது. ஒரு சாக்கச் சுத்தி ஒரே போடாப் போட்டிருங்க, பலகை அடிக்க நான் வாரேன்.”

பகவதி அப்போதே அம்மிக்குழவியைத் தூக்கிவிட்டாள். நான் குறுக்கே நின்றேன்.

“கல்யாணப் பேச்சு நடக்கும்போது வாசல்ல கண்ணாடிய உடைப்பாளா யாராவது? சகுனம் என்னாகும்?”

சகுனம் என்றதும் குழவி கீழே இறங்கியது. எனக்குச் சகுனத்தில் அப்படி ஒன்றும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நேரத்துக்கு வேறு காரணம் வாயில் வரவில்லை. நானே மெதுவாகக் கழற்றுகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன்.

ரயில்வே பார்சல் ஆபீசில் காலம் தள்ளியவன் நான். கண்ணாடிப் பெட்டிகள் எத்தனையோ கை வழியாகப் போயிருக்கின்றன. உடைந்து வந்தால் எந்த ஸ்டேஷனும் தன் கையில் உடைந்ததாக ஒப்புக்கொள்ளாது. ஏற்றும்போது நன்றாக இருந்தது, இறக்கும்போது உடைந்திருந்தது, நடுவில் யாரும் தொடவே இல்லை. நானும் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டவன்தான்.

நவம்பர் 2, ஞாயிறு

நாயகம் பெங்களூரிலிருந்து வீடியோவில் பேசினான். மெலிந்திருக்கிறான். சுரண்டைப் பெண் நர்சரி பள்ளியில் டீச்சர், பெயர் கோமளம் என்றெல்லாம் பகவதி சொல்லச் சொல்ல, “சரிம்மா, சரிம்மா” என்றான். 23ஆம் தேதிக்கு வர முடியாதாம், ஆபீசில் வேலையாம். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ்தான். உழைப்பாளி.

அவனுக்குப் பின்னால் பால்கனிக் கொடியில் ஒரு மஞ்சள் துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இவன் பால்கனியில் காயப் போடுகிறார்கள் போலிருக்கிறது. அங்கெல்லாம் இட நெருக்கடி.

பகவதி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நவம்பர் 4, செவ்வாய்

வேலையைத் தொடங்கினேன். ரீப்பர் என்பது கண்ணாடியைச் சுற்றி அடித்திருக்கும் மெல்லிய மரச் சட்டம். அதற்கு உள்ளே மக்கு, கண்ணாடியை அசையாமல் பிடித்திருக்கும் பசை, காய்ந்து கல் மாதிரி. உளியால் தட்டினால் கண்ணாடி அதிர்கிறது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிச் சட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் வைத்தால் மக்கு இளகுகிறது. இந்த யோசனை வந்ததும் எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. மத்தியானத்துக்குள் மேல்பக்கச் சட்டம் முழுக்க வந்துவிட்டது. சட்டத்தின் மேல் விரித்திருந்த பகவதியின் நல்ல நேரியல் துண்டு ஒன்றில் இஸ்திரிக் கறை ஆனது. அதை மடித்துத் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கதவருகில் நின்று வேலை செய்யும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் கிடையாது. வாசல் கதவை ஒட்டி நின்றால்தான் கிடைக்கும். செண்பகம் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு இதே இடத்தில் நிற்பாள். காதில் ஒயர். நாயகத்துக்குப் போன் அடிப்பாள், அவன் எடுக்க மாட்டான். அப்புறம் அவனுக்குச் சேர வேண்டியதைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். இன்னைக்கு மாமாவுக்கு நெஞ்சு சளி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, கீரைக்காரம்மா வரல, தீபாவளிக்காவது வருவீங்களா. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, தன் பெயரைப் பார்த்தபடி பேசுவாள்.

தெருவில் அது வேறு மாதிரி ஆயிற்று. “கதவுகிட்ட நின்னு தன்னால பேசுதா.” முதலில் சொன்னது யார் என்று தெரியாது. தெரியாது என்றே எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 6, வியாழன்

இன்று ஒருவர் வந்தார்.

பக்கவாட்டுச் சட்டத்தில் உளியை வைத்திருந்தேன். வெள்ளை வேட்டி, கையில் மடக்குக் குடை, என் வயசுக்கு இரண்டு மூன்று குறைவு இருக்கும். என்னைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தார்.

“செண்பகம்னு போட்டிருக்கு. அப்ப இந்த வீடுதான்” என்றார். தெருவில் யாரையும் கேட்கவில்லையாம். மயில் கண்ணாடி போட்ட கதவு என்று கோவில்பட்டியிலேயே அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பெயர் சிதம்பரம். கழுகுமலை. மருந்துக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தங்கை மகனுக்குச் செண்பகத்தைப் பேசுகிறார்கள். பையனுக்கும் இது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள்.

கூடத்தில் உட்கார வைத்தேன். பகவதி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுக்களை நிலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். வளையல் சத்தத்தில் எனக்குத் தெரிந்தது.

“மறைச்சுப் பேச எனக்கு வராது அண்ணாச்சி” என்றார் சிதம்பரம். “பிள்ளைக்கு மனசு சரியில்லைன்னு இந்தப் பக்கமிருந்து ஒரு பேச்சு எங்க காதுல விழுந்துச்சு. பொண்ணோட அப்பாகிட்ட நேராவே கேட்டேன். அவரு கோவப்படல. ‘அவ மாமனாரு உள்ளத உள்ளபடி சொல்லுவாரு, அவருகிட்டயே போய்க் கேளுங்க’ன்னுட்டாரு. எங்களுக்கும் பிள்ளையப் புடிச்சிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா மேக்கொண்டு யாரையும் கேக்க மாட்டோம்.”

அந்தப் பக்கம் வளையல் சத்தம் நின்றுவிட்டது. பிள்ளை நல்ல பிள்ளை என்று நான் சொன்னால், அப்புறம் எதற்கு விவாகரத்து என்று கேட்பார். கேட்டால் நாயகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுகுமலையில் சொன்னது சுரண்டைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? வெயில் கதவு வழியாகத் தரையில் விழுந்திருந்தது. எழுத்துகளும் விழுந்திருந்தன. அவர் கால் பெருவிரல் அந்தப் பெயரின் ஓரத்தில் இருந்தது.

“நல்ல குடும்பந்தான்” என்றேன். “நீங்க எதுக்கும் இன்னும் நாலு இடத்துல விசாரிச்சுக்கிடுங்க.”

காபியைப் பாதியில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டார்.

“புரியுது அண்ணாச்சி. மறைக்காம சொன்னீங்களே, சந்தோசம்” என்றார்.

வாசலைத் தாண்டும்போது கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை. கண்ணாடியைத் தொடவில்லை. நேற்று நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

முந்தாநாள் எழுதியதைப் படித்தேன். பார்சல் ஆபீஸ் எழுத்து. நடுவில் யாரும் தொடவே இல்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு விசாரிக்க வருகிறவரிடம் யாரும் வாய் திறந்து கெட்டது சொல்ல மாட்டார்கள். ஒரு பிள்ளையின் வாழ்வைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று பயம். அதற்காக ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். ‘இன்னும் நாலு இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.’ கேட்டவர் எழுந்துவிடுவார். அந்த நாலு இடத்துக்கு யாரும் போனதில்லை. என் தங்கை மகளுக்காகத் தென்காசியில் ஒரு பையனை விசாரிக்கப் போய், இதைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தவன் நான். பையனுக்கு என்ன குறை என்று அன்றைக்கு நாங்கள் கேட்கவே இல்லை. இன்று வரை தெரியாது.

எனக்குத் தெரியாமல் வாய் தவறி வரவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

இரண்டு வருடம் இருந்தாள் இந்த வீட்டில். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவள் அவள். நாயகம் போன் செய்து நலம் கேட்டான். அவள் என் தலையை நாற்காலியில் சாய்த்து, “இமைய இறுக்காதீங்க மாமா” என்பாள். அந்தக் கண்ணால்தான் இப்போது அவள் பெயரைச் சுற்றி மக்கு சுரண்டிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பகவதியிடம் சொல்லிப் பார்த்தேன். “அந்த மனுசன்கிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“என்னத்தச் சொல்லிட்டீங்க? விசாரிங்கன்னுதான சொன்னீங்க” என்றாள் ரசத்தைக் கலக்கிக்கொண்டே. அவள் கலக்குகிற வேகத்தில் பாதி ரசம் அடுப்பில் விழுந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

கண்ணாடி கழன்று வந்துவிட்டது. முழுதாக என்று எழுத ஆசை. கடைசியாகக் கீழ் மூலையில் மக்கு விடாமல் பிடித்திருந்தது. பொறுமை போய் உளியைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன். டிக்கென்று ஒரு சத்தம். நகக்கண் அளவு மூலை பெயர்ந்துவிட்டது. மயிலுக்கும் பெயருக்கும் ஒன்றுமில்லை.

பழைய போர்வையில் சுற்றி, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கயிறு கட்டினேன். பழக்க தோஷம், அட்டையின் மேல் ‘கண்ணாடி, கவனம்’ என்று எழுதிவிட்டேன்.

கதவில் ஓட்டையாக இருக்கிறது. பிளாஸ்டிக் தாள் கட்டியிருக்கிறோம். காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்கத் திருநெல்வேலிக்குப் போகிறேன் என்று பகவதியிடம் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் ஏறினேன். உயிரோடு இருப்பதற்குச் சான்று. எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற மாதிரி இல்லை. திருநெல்வேலியில் இறங்கிக் கோவில்பட்டி பஸ் ஏறினேன். கண்ணாடியை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே போனேன்.

ஆவுடையப்பன் கடையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க சம்…” என்று தொடங்கி, “வாங்க அண்ணாச்சி” என்று முடித்தார். கட்டைப் பார்த்தவுடனே அவருக்கு என்னவென்று தெரிந்துவிட்டது.

“இத யாரு கேட்டா? இதுக்காகவா இம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வந்தீங்க?” அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உடையாம கழட்டியிருக்கீங்க. அது பெரிய வேலையில்லா.”

செண்பகம் உள்ளே மேசையில் ஏதோ ஒரு படத்துக்குக் கண்ணாடி அளந்துகொண்டிருந்தாள். இப்போது கடையைப் பாதி அவள்தான் பார்க்கிறாளாம். “வாங்க மாமா. கண்ணு எப்படி இருக்கு?” என்று கேட்டாள். காபி வந்தது. சர்க்கரை இல்லாமல் வந்தது. நான் சொல்லவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி” என்றார் ஆவுடையப்பன். “கழுகுமலைக்காரங்க உங்ககிட்ட வந்தாங்கல்லா? வந்துட்டுப் போனதுக்கப்புறம் போனே எடுக்க மாட்டேங்காங்க. நீங்க நல்லபடியாத்தான் சொல்லியிருப்பீங்க, எனக்குத் தெரியாதா? நடுவுல எவனோ பூந்து கெடுத்துவிட்டுட்டான். அவன் வெளங்குவானா?”

நான் காபியைக் குடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கியது. அப்படியே விழுங்கினேன்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் இலை வாங்கப் போனார். செண்பகம் அட்டையைப் பிரித்துக் கண்ணாடியை மேசையில் படுக்க வைத்தாள். பெயர்ந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“மாமா, நீங்க என்ன சொன்னீங்க?”

சொன்னேன். சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன்.

அவள் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த மக்குத் துணுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அப்புறம், “பைத்தியம்னு சொல்லியிருந்தீங்கன்னாகூட, எங்கப்பா டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டுப் போய்க் காட்டியிருப்பாரு மாமா. இதுக்கு என்னத்தக் கொண்டு காட்ட?” என்றாள்.

“நான் இப்பவே கழுகுமலைக்குப் போறேன்மா. போய்…”

“போறதும் போகாததும் உங்க இஷ்டம். அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. வீட்டுக்கு வாரவங்கட்ட எல்லாம் ‘அவ மாமனாரு நல்ல மனுசன், அந்தப் பையன்தான் சரியில்ல’ன்னு சொல்லிட்டிருக்காரு. அதுதான் அவருக்கு ஆறுதல்.”

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அளவுகோலை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்துவிட்டாள். “பேரை மட்டும் அறுத்து எடுத்துட்டா மயிலு நல்லாத்தான் இருக்கு. யாருக்காவது பூஜை அலமாரிக்கு ஆகும்” என்றாள், கடைக்காரியின் குரலில்.

இலையில் உட்கார்ந்து, கூட்டும் பொரியலும் ஆவுடையப்பன் கையால் பரிமாறச் சாப்பிட்டேன்.

கழுகுமலையில் மருந்துக் கடை கோவில் தெருவில் இருக்கிறது. கூட்டம் இருந்தது. ஓரமாக நின்றேன். சிதம்பரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். நடுத்தெருவில் நின்றே சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அவள் கதவோடு பேசவில்லை, என் மகனோடு பேசிக்கொண்டிருந்தாள், குறை அவனிடத்தில், அன்று என் வீட்டுக்காரிக்குப் பயந்து அப்படிச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ‘வீட்டுக்காரிக்குப் பயந்து’ என்று சேர்த்தது அழகில்லை. அதுவும் முழு உண்மை இல்லை.

அவர் கடைசி வரை கேட்டார்.

“இத அன்னைக்கே சொல்லக் கூடாதா அண்ணாச்சி?” என்றார். “நேத்துதான் ராஜபாளையத்துல வேற பொண்ணுக்குப் பூ வச்சிட்டு வந்தோம்.”

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். வெயிலில் முகம் ஒரு மாதிரி இருக்கிறது, பிரஷர் பார்க்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 15, சனி

உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்திருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

பரணில் தேடியதில் கதவின் பழைய பலகை ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்று போன மார்கழியில் வெந்நீர் அடுப்புக்குள் போயிருக்கிறது. கிடைத்தது நாயகம் கதவினுடையது. செண்பகம் கதவுக்கு ஒரு விரல் அளவு குறைகிறது. அடித்துவிட்டேன். கீழே இடைவெளியில் வெளிச்சம் ஒரு கோடாக வருகிறது. ஒற்றை மயில் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

“கண்ணாடி எங்க?” என்று பகவதி கேட்டாள்.

“குடுத்துட்டேன். கோவில்பட்டியில.”

கத்துவாள் என்று நினைத்தேன். முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். கல் பொறுக்குகிற மாதிரி இருந்தது, ஆனால் எதையும் பொறுக்கவில்லை.

“எப்படி இருக்கா?” என்று கேட்டாள்.

“கடையப் பாக்கா. நல்லா இருக்கா.”

“எனக்கு மட்டும் அவ மேல என்ன பகையா? இவன் வீட்டுக்கு வரணும்னுதான எல்லாம். இன்னொரு கல்யாணத்தப் பண்ணி, ஒரு பிள்ளை பெறந்துட்டா அங்க உள்ளத விட்டுட்டு வந்துருவான்.” சொல்லிவிட்டு முறத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

அங்கே உள்ளதை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து வந்தது. நானும் என்ன என்று கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாதவர்கள் மாதிரி ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

நவம்பர் 22, சனி

பகவதி பூ வாங்கப் போன நேரத்தில் கதவருகில் நின்று நாயகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தான். ஒரு கேள்வி கேட்டேன். கேள்வியை இங்கே எழுத வேண்டாம்.

இல்லை என்று அவன் சொல்லவில்லை. “இந்தக் கல்யாணம் அம்மாவுக்காகத்தான்பா” என்றான். “அந்தப் பிள்ளை பாட்டுக்கு உங்ககூட ஊர்லயே இருந்துக்கிடட்டும். செண்பகம் இருக்கலையா?” அப்புறம் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

வீடு முழுக்கக் கழுவி விட்டிருக்கிறது. அதிரசத்துக்கு மாவு கலந்து வைத்திருக்கிறது. நாளைக்கு நான் வெள்ளைச் சட்டை போட வேண்டுமாம்.

நவம்பர் 23, ஞாயிறு

சுரண்டைக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். பலவேசம் நெல் வியாபாரி, நல்ல உயரம், பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிற மனிதர். அவருடைய தங்கை அடுக்களை, பின்கட்டு, கிணறு எல்லாம் பார்த்துவிட்டுத் தண்ணீர் இனிப்பாக இருக்கிறது என்றாள். தங்கை புருஷன் அதிரசம் ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தார். பகவதி இன்று முப்பது வயது குறைந்தவள் மாதிரி நடந்தாள்.

பலவேசம் வாசல் கதவருகே போய் நின்றார். மயிலின் தோகையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என்ன வேலைப்பாடு! மாப்பிள பேரா? ஜோடி மயிலு எங்க மதினி?”

“தெருப் பிள்ளைக பந்தடிச்சு உடச்சிருச்சுக அண்ணே” என்றாள் பகவதி. தயாராக வைத்திருந்தாள். அவர் சிரித்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்றார். அவருக்குத் திருப்திதான் என்று தெரிந்தது. பகவதி வெற்றிலைத் தட்டு எடுக்க உள்ளே போனாள்.

அவர் என் பக்கம் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணாச்சி, எனக்கு எல்லாம் புடிச்சிருக்கு. பெங்களூரு வரைக்கும் போய்ப் பையன விசாரிக்க எனக்கு ஆளும் இல்ல, தெம்பும் இல்ல. பிள்ளைக்கு அம்மா இருந்தா அவ கேப்பா, நாலும் தோண்டுவா. எனக்குத் தோண்டத் தெரியாது. பெத்தவரு நீங்க இருக்கீங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா தட்டு மாத்திருவோம்.”

ராத்திரியெல்லாம் பேச வேண்டியதை வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். நடுத்தெருவில் சிதம்பரத்திடம் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பெற்ற மகன். பலகைக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக வெளிச்சம் கோடாக அவர் காலடியில் விழுந்திருந்தது.

“பிள்ளைய நல்லாத்தான் வளத்தோம்” என்றேன். “நீங்க எதுக்கும் இன்னும் நாலு இடத்துல விசாரிச்சுக்கிடுங்க.”

பணிவுக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்திக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. இரண்டு வாரமாக யாரையும் நேராகப் பார்க்க முடியாமல் இருந்தவன், அவரை மட்டும் நேராகப் பார்த்தேன்.

“சரி அண்ணாச்சி” என்றார். என் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு விட்டார். அப்புறம் உள்ளே பார்த்துத் தங்கையைக் கூப்பிட்டார். “மழை வாரதுக்குள்ள கெளம்பிருவோம் தாயி.” வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பகவதி வெற்றிலைத் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது அவர்கள் தெரு முனை திரும்பியிருந்தார்கள்.

“என்னங்க, தட்டு வாங்காமப் போறாங்க? அவருகிட்ட என்ன சொன்னீங்க?”

“நாலு இடத்துல விசாரிக்கச் சொன்னேன்” என்றேன்.

அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. கையில் தட்டோடு, கதவைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.